வீட்டில் இரண்டு சம்பளம், ஏப்ரலில் வரிப் பாக்கி: டபிள்யூ-4 படிவம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளில் பிப்ரவரி, மார்ச் வந்தால் ஒரே புலம்பல்தான். "மாசா மாசம் பிடிச்சாங்களே, இப்ப எதுக்கு இன்னும் எட்டாயிரம்?" நண்பர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைகளில் பே-ஸ்டப்பை (சம்பளச் சீட்டை) விரித்துவைத்துப் பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் பழகிவிட்டது. நான் சிபிஏ (பதிவுபெற்ற கணக்காளர்) அல்ல. ஆனால் கேள்விகள் வருடம் மாறினாலும் மாறுவதில்லை என்பதால் இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன். எண்கள் எல்லாம் 2026-ஆம் ஆண்டின் ஃபெடரல் வரிக்கானவை. சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிகளை மனதில் வைத்து எழுதியது.

இருவர் சம்பளத்திலும் வரி பிடிக்கிறார்கள். அப்புறம் எப்படிப் பாக்கி வருகிறது?

உங்கள் வீட்டில் இன்னொரு சம்பளம் வருவது உங்கள் கம்பெனிக்குத் தெரியாது. எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்லும் டபிள்யூ-4 படிவத்தில் நீங்கள் "திருமணமானவர், சேர்ந்து தாக்கல்" என்று மட்டும் குறித்துவிட்டு விட்டால், வீட்டுக்கே நீங்கள் ஒருவர்தான் சம்பாதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். தம்பதிக்கான, வரி போடாமல் விடும் நிலையான கழிவான 32,200 டாலர் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் முழுவதையும் உங்கள் சம்பளத்திலேயே கழிக்கும். குறைந்த வரி அடுக்குகள் முழுவதையும் உங்களுக்கே தரும். இணையரின் கம்பெனியும் அங்கே அதையே செய்யும். ஒரு வீட்டுக்கு ஒரு முறைதான் உண்டான சலுகை, இரண்டு இடத்தில் கொடுக்கப்படுகிறது. ஏப்ரலில் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது அதைத் திருப்பிக் கேட்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவு. தம்பதிக்கான அடுக்குகள்: கழிவு போக மீதியில் முதல் 24,800 டாலருக்கு 10 சதவீதம், 1,00,800 வரை 12, 2,11,400 வரை 22, 4,03,550 வரை 24. அதற்கு மேல் 32, 35, 37.

மனைவிக்கு 1,40,000, கணவருக்கு 60,000 என்று வைத்துக்கொள்வோம். மனைவியின் கம்பெனி 32,200-ஐக் கழித்து, 1,07,800-க்கு வரி போட்டு 13,140 பிடிக்கும். கணவரின் கம்பெனியும் அதே 32,200-ஐக் கழித்து, 27,800-க்கு 2,840 பிடிக்கும். மொத்தம் 15,980. ஆனால் ரிட்டர்னில் இரண்டையும் கூட்டி 2,00,000, கழிவு ஒரே ஒரு முறை, மீதி 1,67,800. இதற்கு வரி 26,340. துண்டு விழுவது 10,360 டாலர்.

கல்யாணம் ஆனதால் வரி கூடிவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. 35 சதவீத அடுக்கு தொடங்கும் இடம்வரை தம்பதிக்கான அடுக்கெல்லாம் தனி ஆளுக்கு உள்ளதைப் போல சரியாக இரு மடங்கு. கழிவும் அப்படியே. வரி கூடவில்லை, பிடித்தம்தான் குறைந்திருக்கிறது. பத்தாயிரம் டாலரும் வருடம் முழுக்க உங்கள் கைக்கே வந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால் வந்ததே தெரியாமல் செலவாகியிருக்கும்.

படிவத்தில் இதைச் சொல்ல இடமே இல்லையா?

இருக்கிறது. அதைத் தாண்டிப் போவதற்கும் அந்தப் படிவமே வழி காட்டுகிறது! 2 முதல் 4 வரையிலான படிகள் உங்களுக்குப் பொருந்தினால் மட்டும் நிரப்புங்கள், இல்லையென்றால் நேராக 5-ஆம் படிக்குப் போய்க் கையெழுத்துப் போடுங்கள் என்கிறது. வேலையில் சேர்ந்த முதல் நாள், முப்பது படிவங்களுக்கு நடுவில் இதுவும் ஒன்றாகத் திரையில் வரும்போது யார் நின்று படிக்கிறார்கள்? நானும் படிக்கவில்லை. என் மனைவி வேலைக்குப் போன முதல் வருடம் எங்களுக்கு 4,300 டாலர் பாக்கி. ஊருக்குப் போக எடுத்துவைத்திருந்த டிக்கெட் பணம் அதில் போனது.

பார்க்க வேண்டியது 2-ஆம் படி, "ஒன்றுக்கு மேற்பட்ட வேலை அல்லது துணைவரும் வேலை பார்க்கிறார்." அதில் மூன்று வழிகள். 2(ஏ), வரித்துறையான ஐஆர்எஸ் தளத்தில் உள்ள பிடித்தக் கணிப்பான். 2(பி), படிவத்தோடு வரும் ஒர்க்‌ஷீட். 2(சி), ஒரே ஒரு சின்னக் கட்டம்.

2(சி) கட்டத்தில் டிக் அடித்தால் போதுமா?

இரண்டு சம்பளமும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் போதும், அதைவிட எளிய வழி கிடையாது. அந்த டிக் செய்வது இதைத்தான்: கழிவையும் அடுக்குகளையும் பாதியாக வெட்டிவிடும். ஆளுக்குப் பாதி. இருவருக்கும் தலா 1,00,000 சம்பளம் என்றால், டிக் அடித்தபின் ஆளுக்கு 13,170 பிடிப்பார்கள். இரண்டும் சேர்த்து 26,340. மேலே பார்த்த உண்மையான வரி அதேதான், ஒரு டாலர்கூட மாறவில்லை.

ஆனால் இருவரும் அவரவர் படிவத்தில் டிக் அடிக்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முன்பு சொன்ன 1,40,000 – 60,000 தம்பதியில் கணவர் மட்டும் டிக் அடித்தால் மொத்தப் பிடித்தம் 18,160, இன்னும் 8,180 பாக்கி. மனைவி மட்டும் அடித்தால் 25,174, பாக்கி 1,166. இருவரும் அடித்தால் 27,354, அதாவது சுமார் ஆயிரம் டாலர் கூடுதலாகவே பிடிப்பார்கள். அது ரீஃபண்டாகத் திரும்பி வரும்.

குறைந்த சம்பளம் பெரிய சம்பளத்தின் பாதிக்கு மேல் இருந்தால் 2(சி), பாதிக்கும் கீழே என்றால் 2(பி) என்பது படிவமே சொல்லும் அளவுகோல். இன்னொன்று: வீட்டில் மொத்தம் இரண்டே வேலை இருந்தால்தான் 2(சி). யாராவது ஒருவர் மாலையில் கல்லூரியில் வகுப்பும் எடுக்கிறார் என்றால் அது மூன்றாவது வேலை, இந்தக் கட்டம் ஒத்துவராது.

எங்கள் சம்பளம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். என்ன செய்வது?

4(சி)-தான் உங்களுக்கான இடம். ஒவ்வொரு சம்பளத்திலும் கூடுதலாக எத்தனை டாலர் பிடிக்க வேண்டும் என்று நீங்களே எண்ணைக் கொடுக்கிற கட்டம் அது. 2(பி) ஒர்க்‌ஷீட்டில் பெரிய சம்பளம் ஒரு பக்கம், சின்ன சம்பளம் மறுபக்கமாக ஓர் அட்டவணை இருக்கும். இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் உள்ள தொகையை வருடத்தில் எத்தனை சம்பளமோ அதால் வகுத்து, பெரிய சம்பளக்காரரின் 4(சி)-யில் எழுத வேண்டும். அங்கே எழுதினால் 2(சி)-யில் டிக் வேண்டாம். இரண்டையும் செய்து பிடித்தத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டு, வீட்டுக்கு வரும் சம்பளம் ஏன் இப்படிச் சுருங்கியது என்று தேடியவர்களும் உண்டு.

அட்டவணை பிடிக்காதவர்கள் மேலே நான் போட்டது போலத் தாளிலேயே போடலாம். துண்டு விழுவது 10,360. இரண்டு வாரத்துக்கு ஒரு சம்பளம் என்றால் வருடத்துக்கு 26. வகுத்தால் 398. 400 என்று எழுதினால் கணக்குத் தீர்ந்தது.

ஜூலை ஆகிவிட்டது, இப்போதுதான் கவனித்தேன்.

பரவாயில்லை, ஆனால் பாக்கிக் காலத்துக்குள் முழுத் துண்டையும் அடைக்க வேண்டும். 13 சம்பளம்தான் மீதி என்றால் 10,360-ஐ 13-ஆல் வகுத்துச் சம்பளத்துக்கு 797. கசக்கத்தான் செய்யும். முக்கியமான விஷயம், டிசம்பர் கடைசியில் புதுப் படிவம் கொடுத்து இதைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். மறந்தால் அடுத்த வருடம் இரு மடங்கு பிடித்துக்கொண்டே போவார்கள்.

ஜூலையில் 2(சி)-யில் மட்டும் டிக் அடித்தால் இனி வரும் மாதங்கள் சரியாகும், போன ஆறு மாதப் பள்ளம் அப்படியே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குழந்தைகளை யார் படிவத்தில் போடுவது?

ஒருவர் படிவத்தில் மட்டும், சம்பளம் அதிகம் உள்ளவர் படிவத்தில். 17 வயது நிறையாத ஒவ்வொரு குழந்தைக்கும் 2,200 டாலர் என்று 3-ஆம் படியில் எழுதுகிறோம். அந்தத் தொகை அப்படியே பிடித்தத்திலிருந்து குறையும். இரண்டு குழந்தைகளை இருவரும் எழுதினால் 4,400 டாலர் இன்னொரு முறை குறைந்து, ஏப்ரலில் பாக்கியாக வந்து நிற்கும். 4(ஏ) (வேறு வருமானம்), 4(பி) (கூடுதல் கழிவுகள்) ஆகியவற்றுக்கும் இதே விதி.

குழந்தைக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் ஐடின் (அந்த எண் கிடைக்காதவர்களுக்கு ஐஆர்எஸ் தரும் வரி எண்) மட்டும் இருந்தால் 2,200 கிடையாது, 500-தான். ஹெச்4-ல் (ஹெச்1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) வந்த குழந்தைகளுக்கு இது பொருந்தும். கூட்டு வருமானம் 4,00,000 டாலரைத் தாண்டினால் இந்தச் சலுகை படிப்படியாகக் கரையத் தொடங்கும்.

ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். அவர்களையும் சேர்க்கலாமா?

முடியாது. சார்ந்திருப்பவர் என்று காட்ட அவர் அமெரிக்கக் குடிமகனாகவோ, வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவராகவோ, அல்லது கனடா, மெக்ஸிகோவில் வசிப்பவராகவோ இருக்க வேண்டும். விசிட்டர் விசாவில் ஐந்து மாதம் வந்து இருந்துவிட்டுப் போவதும் பொதுவாகப் போதாது.

மனைவிக்கு வேலை இருப்பது என் கம்பெனிக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறேன்.

நியாயமான விருப்பம். அப்படியானால் 2-ஆம் படியைத் தொடாமல் 4(சி)-யில் தொகையை மட்டும் எழுதுங்கள். ஏன் கூடுதலாகப் பிடிக்கச் சொல்கிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

"சிங்கிள்னு போட்டுட்டா போதும்" என்று ஆபீஸில் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தக் கட்டத்தின் முழுப் பெயர் "தனி நபர் அல்லது திருமணமாகித் தனித்தனியே தாக்கல் செய்பவர்." அதைக் குறித்தால் பிடிக்கிற தொகை, 2(சி) டிக் அடித்த தம்பதிக்கு வருவதுதான். ஆனால் சிங்கிள் என்று குறித்துவிட்டு 2(சி)-யிலும் டிக் அடித்தால் கழிவும் அடுக்குகளும் பாதியில் பாதி ஆகி, பிடித்தம் கூடிவிடும். எனக்கு 4(சி)-தான் சுத்தமாகப் படுகிறது.

பாக்கி வராமல் இருக்க இருவரும் தனித்தனியாகத் தாக்கல் செய்தால்?

பிடித்தத்தில் உள்ள கோளாறுக்கு ரிட்டர்னில் மருந்து தேடுகிறீர்கள். தனியாகத் தாக்கல் செய்தால் பல சலுகைகள் போய்விடும், பெரும்பாலான வீடுகளில் மொத்த வரி கூடும்.

ஈஏடி (வேலை அனுமதி அட்டை) வந்து கணவர் செப்டம்பரில்தான் வேலையில் சேர்ந்தார். நாலு மாதச் சம்பளம்தானே, கவலைப்பட வேண்டுமா?

ஹெச்4-ல் இருப்பவர்கள் 2015-லிருந்து ஈஏடி வாங்கி வேலை பார்க்கலாம் என்றானபின் எங்கள் வட்டாரத்தில் அதிகம் வரும் கேள்வி இதுதான். கவலைப்பட வேண்டும், கொஞ்சம்.

அதே தம்பதி. மனைவியின் 1,40,000 ஏற்கெனவே 22 சதவீத அடுக்கைத் தொட்டுவிட்டது. அதனால் கணவர் கொண்டுவரும் முதல் டாலருக்கே 22 சதவீதம் வரி. நாலு மாதத்தில் 20,000 வருகிறது என்றால் அதற்கு 4,400. ஆனால் அவர் கம்பெனி பிடிப்பதோ, வருடம் முழுக்க 60,000 வாங்கும் ஒற்றைச் சம்பளக் குடும்பம் என்று எண்ணி, நாலு மாதத்துக்குச் சுமார் 947 டாலர். 3,450 டாலர் குறை. 2(சி)-யில் அவர் மட்டும் டிக் அடித்தாலும் 2,700-க்கு மேல் பாக்கி இருக்கும்.

புதிதாகச் சேர்ந்தவர் சம்பளத்தில் முழுவதையும் பிடிக்கச் சொன்னால் முதல் சம்பளத்தைப் பார்த்து மனம் வெறுத்துவிடும். இருவர் 4(சி)-யிலும் பிரித்துப் போடுங்கள். ஜனவரியில் முழு வருடத்துக்கும் திரும்பக் கணக்குப் போடுங்கள். அப்புறம், அதுவரை ஐடினில் தாக்கல் செய்திருந்தால் இனி சோஷியல் செக்யூரிட்டி எண்தான். பழைய ஐடின் இனி வேண்டாம் என்று ஐஆர்எஸ்ஸுக்கு எழுதிவிடுங்கள்.

போனஸ், ஆர்எஸ்யூ (கம்பெனி சம்பளமாகத் தரும் பங்கு) எல்லாம் தனியாகத்தானே பிடிக்கிறார்கள்?

பிடிக்கிறார்கள், பொதுவாக 22 சதவீதம். வருடத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய பகுதிக்கு 37. உங்கள் வீடு உண்மையில் எந்த அடுக்கில் இருக்கிறது என்பது அங்கே கணக்கே இல்லை. 80,000 டாலர் பங்கு வெஸ்ட் ஆனால், அதாவது உங்களுக்குச் சொந்தமானால், 17,600 போகும். நீங்கள் 24 சதவீத அடுக்கில் இருந்தால் 1,600 குறை, சமாளிக்கலாம். 32 சதவீத அடுக்கில் இருந்தால் 8,000 குறை. இருவருமே டெக் கம்பெனியில் இருக்கும் வீடுகளில் 2(சி) எல்லாம் சரியாகப் போட்டும் பாக்கி வருவதற்கு இதுதான் காரணம். வெஸ்ட் ஆன பங்கை விற்காமல் வைத்திருந்தால் இன்னும் சங்கடம். வரி கட்டக் கையில் காசு இருக்காது.

மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரியிலும் பிடித்தம் ஏதோ குறையும் என்றார்களே?

ஆம், சின்ன விஷயம். தம்பதியின் கூட்டுச் சம்பளம் 2,50,000-ஐத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு 0.9 சதவீதம் கூடுதல் மெடிகேர் வரி. ஆனால் ஒருவர் சம்பளம் மட்டுமே 2,00,000-ஐத் தாண்டினால்தான் கம்பெனி அதைப் பிடிக்கும். தலா 1,80,000 வாங்கும் தம்பதியிடம் யாரும் பிடிக்க மாட்டார்கள், ஆனால் 1,10,000-க்கு 990 டாலர் கட்ட வேண்டும். இதையும் 4(சி)-யிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் எஃப்டி வட்டி, வீட்டு வாடகை வருகிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இங்கே வரிக்கு வசிப்பவர் என்றால் உலகில் எங்கே வந்த வருமானமும் ரிட்டர்னில் வர வேண்டும். என்ஆர்ஈ (வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போடும் இந்தியக் கணக்கு) வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இங்கே உண்டு, முழுவதுமாக. என்ஆர்ஓ (இந்திய வருமானத்துக்கான கணக்கு) வட்டியில் அங்கேயே டிடிஎஸ் பிடித்திருப்பார்கள், அதற்கு இங்கே வெளிநாட்டு வரி கிரெடிட் கோரலாம், எனவே இங்கே கட்ட வேண்டியது குறையும். உங்கள் என்ஆர்ஈ வட்டி வருடத்துக்கு 5,000 டாலர் என்றால் பெரிய சம்பளக்காரரின் 4(ஏ)-யில் அதை எழுதலாம். கம்பெனிக்குத் தெரிய வேண்டாம் என்றால் அதற்கான வரியை, 22 சதவீதத்தில் 1,100 டாலரை, சம்பள எண்ணிக்கையால் வகுத்து 4(சி)-யில்.

அபராதம் போடுவார்களா?

பாக்கி இருந்தாலே அபராதம் இல்லை. ரிட்டர்னில் கட்ட வேண்டியது 1,000 டாலருக்குக் கீழே இருந்தால் கிடையாது. இந்த வருட வரியில் 90 சதவீதம் ஏற்கெனவே கட்டியிருந்தாலும் கிடையாது. போன வருட ரிட்டர்னில் இருந்த மொத்த வரிக்குச் சமமாக இந்த வருடம் கட்டியிருந்தாலும் கிடையாது. ஆனால் போன வருட ஏஜிஐ (சில கழிவுகள் போன மொத்த வருமானம்) 1,50,000-க்கு மேல் என்றால் 110 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று போதும். தவறினால் வட்டிபோலக் கணக்கிடுவார்கள். அந்த விகிதம் 2024-ல் 8 சதவீதம், 2025-ல் 7.

ஒரு நல்ல செய்தி: சம்பளத்தில் பிடித்த வரியை வருடம் முழுக்கச் சமமாகக் கட்டியதாகவே எடுத்துக்கொள்வார்கள். நவம்பரில் விழித்துக்கொண்டு கடைசி நாலு சம்பளத்தில் பெரிய தொகையைப் பிடிக்கச் சொன்னாலும் ஏப்ரலிலிருந்தே கட்டியதாகக் கணக்கு. நீங்களே காலாண்டுக்கு ஒருமுறை கட்டும் முன்வரிக்கு இந்தச் சலுகை இல்லை.

2016-லிருந்து ஒரே கம்பெனி. படிவமே மாற்றவில்லை.

அப்படியானால் "மேரிட், 3" என்பது போன்ற பழைய அலவன்ஸ் (எண் கூடக் கூடப் பிடித்தம் குறையும்) கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். 2020-ல் படிவத்தை மாற்றி அலவன்ஸை எடுத்துவிட்டார்கள், ஆனால் பழைய படிவம் செல்லாது என்று சொல்லவில்லை. அன்று மனைவி வேலைக்குப் போகாதபோது எழுதியதாக இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

மாநில வரி?

டெக்சாஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டனில் சம்பளத்துக்கு மாநில வருமான வரியே இல்லை, இந்தக் கேள்வியைத் தாண்டிவிடலாம். பென்சில்வேனியாவில் எல்லோருக்கும் 3.07 சதவீதம், சிக்கல் இல்லை. கலிஃபோர்னியாவில் டிஈ 4, நியூயார்க்கில் ஐடி-2104, நியூஜெர்சியில் என்ஜே-டபிள்யூ4 என்று தனிப் படிவம். நியூஜெர்சிப் படிவத்தில் இரு சம்பளத் தம்பதிகளுக்கென்றே ஒரு சம்பள அட்டவணை உண்டு. அதில் உங்கள் சம்பளங்களுக்கு உரிய ஆங்கில எழுத்தைக் கண்டுபிடித்து எழுதாவிட்டால் அங்கும் பிடித்தம் குறையும்.

கூடுதலாகவே பிடிக்கட்டும், பெரிய ரீஃபண்ட் வந்தால் சந்தோஷம்தானே?

வட்டி தராத சீட்டுக் கட்டுகிற மாதிரி அது. சிலருக்குக் கையில் இருந்தால் செலவாகிவிடும், அவர்களுக்கு அதுவே சேமிப்பு. கிரெடிட் கார்டு பாக்கியை 24 சதவீத வட்டியில் வைத்துக்கொண்டு ஐஆர்எஸ்ஸிடம் ஆறாயிரம் டாலரைச் சும்மா போட்டுவைப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

படிவத்தைக் கொடுத்துவிட்டேன். சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

படிவம் ஐஆர்எஸ்ஸுக்குப் போவதில்லை, கம்பெனிக்குத்தான். பெரும்பாலும் ஒர்க்டே, ஏடிபி மாதிரி கம்பெனியின் சம்பளத் தளத்திலேயே மாற்றிவிடலாம். அமலுக்கு வர ஒன்றிரண்டு சம்பளம் ஆகலாம்.

அப்புறம் இருவர் பே-ஸ்டப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். "ஃபெடரல் இன்கம் டாக்ஸ்" என்று போட்ட இடத்தை மட்டும் பாருங்கள். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வேறு, அதைக் கூட்டிவிடாதீர்கள். இந்தச் சம்பளத்தில் பிடித்ததை மீதியுள்ள சம்பளங்களால் பெருக்கி, இதுவரை பிடித்த மொத்தத்தோடு கூட்டுங்கள். இருவருக்கும் வந்த தொகையைச் சேர்த்து, இந்த வருடத்துக்கு நீங்கள் கணித்த வரியோடு ஒப்பிடுங்கள். 401கே ஓய்வுக்காலச் சேமிப்புக்குப் போவது ஏற்கெனவே கழிந்துவிடுகிறது, ஆகவே வரிக்கு உட்பட்ட சம்பளம் எது என்று பார்த்து அதை எடுங்கள். நாங்கள் இதை ஜூலை முதல் வாரத்தில் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை செய்கிறோம். காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.